தரை பாலிஷ் டப்பாவைக் கீழே வையுங்கள்

வட அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் வாங்கியிருக்கும், வாங்கப்போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

குளிர் விலகி வண்டிகளை வெளியே எடுக்கும் நேரம் இது. நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு கேள்வி கட்டாயம் வருகிறது: “வண்டி வெளுத்துப்போச்சுங்க, என்ன போட்டாப் பளபளக்கும்?” அதற்குக் கைமாறும் யோசனையும் பெரும்பாலும் ஒன்றேதான். ஹார்டுவேர் கடையில் தரைக்குப் பூசும் அக்ரிலிக் பாலிஷ் ஒரு டப்பா வாங்கு, துணியால் நாலைந்து கோட் தடவு, ஒரே மத்தியானத்தில் வண்டி புதுசாகிவிடும். அந்த யோசனையை ஏற்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஏன் வேண்டாம், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன். டெக்சாஸ் வெயிலில் நிற்கும் தொண்ணூறுகளின் வண்டி ஒன்றை வைத்திருப்பவன் என்பதுதான் இதைச் சொல்ல எனக்குள்ள தகுதி.

பளபளப்பு வெறும் அழகு விஷயம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அப்படி ஒதுக்க முடியாது. தனியார் ஆர்.வி பார்க்குகள் பலவற்றில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு இடம் தருவதில்லை என்று விதி வைத்திருக்கிறார்கள். நிறைய இடங்களில் அந்த விதி கல்லில் எழுதியதல்ல. போட்டோ அனுப்பச் சொல்வார்கள், வண்டி ஒழுங்காக இருந்தால் விட்டுவிடுவார்கள். அந்தப் போட்டோவில் எஞ்சின் தெரியாது, நீங்கள் மாற்றிய புது டயர் தெரியாது. தெரிவது மேனி ஒன்றுதான். தேசியப் பூங்காக்களும் மாநிலப் பூங்காக்களும் வயதைக் கேட்பதில்லை, நீளத்தைத்தான் கேட்கும். ஆனால் பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அங்கே மட்டும் இடம் பிடித்துக் காலம் தள்ள முடியாது.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஃபோர்டு இ-350 அடிச்சட்டம், 460 கன அங்குல எஞ்சின், அதிகம் ஓடாத வண்டி, உள்ளே சமையல் மேடையும் கட்டிலும் பழுதில்லாமல் இருக்கும். வெளியே வெளுத்து, பட்டை ஸ்டிக்கர் வெடித்துக் கிடக்கும். வாங்க வருகிறவர் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடுவார். அந்த வண்டி கொல்லையில் நின்று, மழையில் ஒழுகி, கடைசியில் உடைப்புக்குப் போகும். மேனியைக் காப்பாற்றினால் வண்டியின் ஆயுளும் கூடும் என்று நான் நம்புவதற்குக் காரணம், அந்த வேலையில் இறங்குகிறவர் வண்டியின் ஒவ்வொரு அங்குலத்தையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுகிறார் என்பதுதான்.

முதலில் உங்கள் வண்டியின் தோல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த வெள்ளை, வெளிர்மஞ்சள் வண்டிகளில் பெரும்பாலானவை ஃபைபர்கிளாஸ். அவற்றின் மேற்பரப்பு பெயின்ட் இல்லை, ஜெல்கோட். நிறமி கலந்த பாலியெஸ்டர் ரெசின் அது. அச்சுக்குள் முதலில் இதைத் தெளிப்பார்கள். அதன் பின்னால் கண்ணாடி இழையையும் ரெசினையும் அடுக்கி இறுகவிடுவார்கள். இறுகியதைப் பெயர்த்தெடுத்தால், முதலில் தெளித்தது வெளிப்புறமாக வந்து நிற்கும். அந்த அச்சு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு வழவழப்பு வண்டிக்கும். ஜப்பானிய டொயோட்டா பிக்கப் அடிச்சட்டத்தில் கட்டிய சன்ரேடர் என்ற சிறு மோட்டார்ஹோமைப் பார்த்திருப்பீர்கள். அதன் கூடு முழுவதும் இரண்டு பாதியாக அச்சில் வார்த்துச் சேர்த்தது. மற்ற வண்டிகளில் முன்மூடியும் பின்மூடியும் அச்சில் வார்த்தவை; பக்கச் சுவருக்கு ஆலையிலிருந்து நீளச் சுருளாக வரும் ஃபைபர்கிளாஸ் தகடு. வார்த்த பாகத்தில் ஜெல்கோட் ஓரளவு கனமாக இருக்கும். படகுகளில் அரை மில்லிமீட்டர் வாக்கில் வைப்பார்கள். பக்கச் சுவர்த் தகட்டில் அது அதைவிட மெல்லியது. ஒரே வண்டியில் இரண்டு கனம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் அது முக்கியமாக வரும்.

வெளுப்பு எப்படி வருகிறது? வெயிலின் புற ஊதாக் கதிர் ரெசினின் பிணைப்பை உடைக்கிறது. வெள்ளைக்காகச் சேர்த்த டைட்டானியம் டையாக்சைடும் ஒளி பட்டால் தன்னைச் சுற்றியுள்ள ரெசினின் சிதைவை வேகப்படுத்துகிறது. ரெசின் அரித்துப்போன இடத்தில் நிறமித் துகள் பிடிப்பில்லாமல் நிற்கும். சுண்ணாம்படித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறதே, அப்படித்தான் கையில் ஒட்டும். வண்டி எப்போதும் ஒரே திசையில் நின்றிருந்தால் தெற்குப் பக்கம் அதிகம் வெளுத்திருக்கும், வடக்குப் பக்கம் தப்பித்திருக்கும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கறுப்புத் துணி ஒன்றை நனைக்காமல் எடுத்து அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளை ஏறினால் ஜெல்கோட் பொடிந்திருக்கிறது. இப்போது அதே இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது நிறம் ஆழமாகத் தெரிந்தால் நம்பிக்கை உண்டு, காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைப் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். நனைத்தும் கண்ணாடி இழையின் நெசவு தெரிந்தால் ஜெல்கோட்டே தீர்ந்துவிட்டது. அங்கே எந்த பாலிஷும் பயன்படாது, பெயின்ட்தான். வண்டி புதிதாக இருந்தபோது எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால், பக்கவாட்டுச் சாமான் அறையின் கதவைத் திறந்து அதன் உள்விளிம்பைப் பாருங்கள். வெயில் படாத அந்த இரண்டு விரல் அகலப் பட்டையில் பழைய நிறமும் மினுக்கும் அப்படியே இருக்கும். நீங்கள் எட்ட வேண்டிய இலக்கு அதுதான்.

தண்ணீர் தெளித்ததும் வண்டி ஏன் அழகாகத் தெரிகிறது? பொடிந்த பரப்பின் நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பிவிடுவதால் ஒளி சிதறாமல் திரும்புகிறது. தரை பாலிஷ் செய்வதும் இதே வேலையைத்தான். தண்ணீர் காய்ந்துவிடும், இது காய்ந்து சவ்வாக நிற்கும். அக்ரிலிக்கைத் தண்ணீரில் நுண்துகளாகக் கலந்து, கட்டடத்துக்குள் இருக்கும் வினைல் தரைக்கென்று தயாரித்த பொருள் அது. அதைக் கொண்டுபோய்க் கூரையில்லாத இடத்தில், கோடையில் தொட முடியாமல் சுடும், இரவில் குளிர்ந்து சுருங்கும் சுவரில் பூசுகிறோம். முதல் கோடையில் அழகாகத்தான் இருக்கும். பிறகு மஞ்சளாகும், வெடிக்கும், உரியும்.

நான் வாங்கிய வண்டியை முன்னால் வைத்திருந்தவர் இப்படிப் பூசித்தான் விற்றிருந்தார். கதவுப் பக்கம் நகத்தால் நெம்பினால் மஞ்சள் சவ்வு சுருண்டு சுருண்டு வந்தது. ஆனால் ரிவிட் தலையைச் சுற்றியும் ஜன்னல் சட்டத்தின் மூலையிலும் வரவில்லை. அம்மோனியா கலந்த தரை ஸ்ட்ரிப்பரை ஊற்றி, ஊறவிட்டுத் துடைத்தால் பசையாகக் குழைந்து பக்கத்து இடத்தில் போய் ஒட்டும். மறுபடி ஊற்ற வேண்டும். அதற்குள் அடியில் சிறைப்பட்டிருந்த வெள்ளைப் பொடியும் சேர்ந்து கரைந்து ஓடும். ஒரே மத்தியானத்தில் கிடைத்த பளபளப்பை எடுக்க, அதைப் போட்ட நேரத்தைப்போல் பல மடங்கு ஆகும். நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: இந்த முறையில் திருப்தியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அடிப் பொடியை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுப் பூசியவர்கள், தவறாமல் ஆண்டுதோறும் மேல்கோட் ஏற்றுகிறவர்கள். அவ்வளவு உழைப்பைக் கொடுக்கத் தயாராக இருப்பவர் அந்த உழைப்பை ஜெல்கோட்டிலேயே போடலாமே என்பது என் கட்சி. பிற்பாடு பெயின்ட் அடிக்க நினைத்தாலும் அந்தச் சவ்வு முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

பாலிஷ் மெஷினைத் தேடுவதற்கு முன் ஏணியை எடுங்கள். கூரையைப் பாருங்கள். பல பழைய வண்டிகளின் கூரை ஈ.பி.டி.எம் ரப்பர். அதுவும் வயதானால் பொடியும். மழையில் அந்தப் பொடியும் மேலே படிந்த அழுக்கும் கரைந்து சுவர் வழியே கோடுகோடாக இறங்கும். கூரையைக் கழுவாமல் சுவருக்குப் பாலிஷ் போட்டால், அடுத்த மழையோடு அதன் அழகு போய்விடும். கழுவும்போது பெட்ரோலியக் கரைப்பான் எதுவும் அந்த ரப்பரில் படக்கூடாது. உப்பி, ஒட்டு விட்டுவிடும். காற்றுத் துவாரம், ஏசி, ஆன்டெனா ஆகியவற்றைச் சுற்றிப் போட்ட சீலன்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். வெடித்திருந்தால் கூரைக்கென்றே விற்கும் லேப் சீலன்டைப் போடுங்கள். கையில் கிடைத்த சிலிக்கானைப் பிதுக்கிவிடாதீர்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் எதுவும் சரியாக ஒட்டாது. நனைந்த ரப்பர் கூரை வழுக்கும் என்பதால் ஈரத்தில் மேலே ஏறவும் வேண்டாம்.

அப்படியே சுவரைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ஃபைபர்கிளாஸ் தோல், அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், அதற்கும் பின்னால் ஃபோம் என்று ஒட்டிச் செய்த சுவர் அது. நீர் இறங்கினால் பிளைவுட் மக்கி, பசை விட்டு, தோல் உப்பும். உப்பிய இடத்தில் தட்டினால் ஓசை மாறும், அழுத்தினால் உள்வாங்கும். அப்படி ஒரு இடம் இருந்தால் பளபளப்பைப் பற்றிய பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஒழுகலைத் தேடி அடையுங்கள், சுவரைச் சரிசெய்யுங்கள். சுவரைப் பிறகு மினுக்கிக்கொள்ளலாம்.

இனி வேலை. நிழலில், சுவர் தொட்டால் சில்லென்று இருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். பல பார்க்குகளில் வண்டி கழுவ அனுமதி இல்லை, அதனால் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவியபின், துருக்கறையும் பழுப்புக் கறையும் போகாமல் இருந்தால் ஆக்சாலிக் அமிலம் உள்ள கிளீனர் கைகொடுக்கும். கையுறை, கண்ணாடி அவசியம். பிளீச்சோடு அதைக் கலக்கவே கூடாது.

வெடித்த ஸ்டிக்கர் பட்டைகளை இந்தக் கட்டத்தில் எடுத்துவிடுங்கள். ஹீட் கன்னால் இளஞ்சூடு காட்டி, பிளாஸ்டிக் பிளேடால் ஓரத்திலிருந்து உரியுங்கள். பொடிப்பொடியாக உடைபவற்றுக்கு டிரில்லில் மாட்டும் ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அதை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஜெல்கோட் கருகும். எடுத்த பிறகு பட்டை இருந்த இடம் மட்டும் பளிச்சென்று, சுற்றியுள்ளது மங்கலாக, பழைய உருவம் நிழலாகத் தெரியும். ஸ்டிக்கர் இத்தனை நாள் வெயிலை மறைத்ததால் வந்தது அது. காம்பவுண்ட் போட்டால் பெரிதும் குறையும், முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே இடத்தில் புதுப் பட்டை ஒட்டிக்கொள்வது கௌரவமான வழி.

பிறகு ஜன்னல் ரப்பர், கறுப்புப் பிளாஸ்டிக், விளக்குகளின் ஓரம் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இதில் சோம்பல் படாதீர்கள். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் தெறித்துக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக உட்கார்ந்துகொள்ளும், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் லேசில் வராது.

முழு வண்டியிலும் இறங்காமல், பின்பக்கக் கீழ்மூலையில் 2 அடிக்கு 2 அடி எடுத்து ஒத்திகை பாருங்கள். முதலில் மிதமான காம்பவுண்ட். அது போதுமென்றால் அதோடு நில்லுங்கள், போதாவிட்டால் மட்டும் ஒரு படி கரடான காம்பவுண்டுக்குப் போங்கள். அதுவும் தோற்றால்தான் வாட்டர் பேப்பர்: 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. நம்மூர் டிங்கரிங் பட்டறையில் பார்த்த பழக்கத்தில் சிலர் எடுத்த எடுப்பில் 400-ஐக் கையில் எடுக்கிறார்கள். அங்கே லப்பம் தேய்த்து மறுபடி பெயின்ட் அடிக்கப்போகிறார்கள். இங்கே மேலே எதுவும் வரப்போவதில்லை, இருக்கும் தோலைத்தான் குறைக்கிறீர்கள். முன்மூடி தாங்கும் அழுத்தத்தைப் பக்கச் சுவர் தாங்காது; மேலே சொன்ன கனக் கணக்கை இங்கே நினைவில் கொள்ளுங்கள்.

படகுக்காரர்கள் பயன்படுத்தும் மெரைன் காம்பவுண்டுகளை வாங்குங்கள், அவை ஜெல்கோட்டுக்கென்றே செய்தவை. மெஷினில் இரண்டு வகை. சுழலும் ரோட்டரி வேகமாக வெட்டும், அனுபவம் இல்லாத கையில் சூடேற்றிவிடும். அதிர்ந்து சுழலும் டூயல் ஆக்‌ஷன் மெதுவானது, மன்னிக்கும் குணமுள்ளது. வண்டி மிக மோசமாகப் பொடிந்திருந்தால் ரோட்டரியும் கம்பளி பேடும் இல்லாமல் நடக்காது. நிமிடத்துக்கு 1,000 முதல் 1,500 சுற்றுக்குள் வைத்து, பேடைத் தட்டையாகப் பிடித்து, நகர்த்திக்கொண்டே இருங்கள். சுவரை அடிக்கடி உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, சுட்டால் நிறுத்துங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மெஷின் வேண்டாம், கையால் தேயுங்கள். அங்கேதான் ஜெல்கோட் முதலில் தீரும்.

முதல் சுற்றில் காம்பவுண்ட் வெள்ளைக் குழம்பாக இழுபடும். பேட் சுவரைப் பிடித்துப் பிடித்து இழுப்பது கையில் தெரியும். சற்று நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்து பேட் வழுக்க ஆரம்பிக்கும், குழம்பு மெல்லிய புகைபோல் மங்கும். அப்போது நிறுத்தி மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். எதிர்வீட்டுக் கூரையின் விளிம்பு சுவரில் கோடாகத் தெரிந்தால் வேலை பிடித்திருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள். சில காம்பவுண்டுகளில் உள்ள எண்ணெய் பள்ளங்களை நிரப்பிப் பொய்யான மினுக்கைக் காட்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் சரிபாதி தண்ணீர் கலந்து துடையுங்கள். துடைத்த பிறகும் நிற்பதுதான் உங்கள் வண்டியின் சொந்தப் பளபளப்பு. தேய்ந்து வந்த ஜெல்கோட் தூள் பேடில் அப்பிக்கொள்வதால், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவே கீறும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

30 அடி வண்டி என்றால் நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 700 சதுர அடி வரும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு வாரக் கடைசிக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பகுதிக்குச் சாய்வு ஏணியில் ஒரு கால் வைத்து எட்டிப் பிடிக்கும் வித்தை வேண்டவே வேண்டாம். இரண்டு கையாலும் மெஷினைப் பிடிக்க வேண்டும், அதனால் நிற்க அகலமான பிளாட்ஃபாரம் தேவை. வாடகைக்குச் சாரம் கிடைக்கும். அடிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு செய்து தரும் டீடெயிலர்களும் உண்டு. உடம்புக்கு முடியாதவர்கள் அவர்களிடம் கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. எந்தக் காம்பவுண்ட், எத்தனை படி என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தேய்த்த அன்றே வாக்ஸ் போட்டுவிடுங்கள். திறந்துவிட்ட ஜெல்கோட்டில் நுண்துளைகள் உண்டு, அழுக்கையும் ஈரத்தையும் உடனே இழுக்கும். கார்னோபா வாக்ஸ் டெக்சாஸ், அரிசோனா வெயிலில் சில மாதம்தான் தாங்கும். பாலிமர் சீலன்ட் கொஞ்சம் கூடுதல். செராமிக் கோட்டிங் அதைவிட நீடிக்கும். ஆனால் அதன் அடியில் எந்தக் குறை இருந்தாலும் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும் என்பதால், தயாரிப்பு வேலையில் ஒரு துளியும் மிச்சப்படுத்த முடியாது.

வெளிப்பரப்பு ஜெல்கோட் அல்லாத வண்டிக்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. முழு உடல் பெயின்ட்டும் மேலே கிளியர் கோட்டும் போட்ட டீசல் வண்டிகளில் கிளியர் கோட் மங்கியிருந்தால் மிதமாகப் பாலிஷ் போடலாம். செதில் செதிலாக உரிய ஆரம்பித்துவிட்டால் போடாதீர்கள், உரிதல் பரவத்தான் செய்யும். மறுபடி அடிக்கப் பெயின்டரைத்தான் பார்க்க வேண்டும். நெளிநெளியான அலுமினியத் தகடு வேய்ந்த பழைய வண்டிகளில் இருப்பது மெல்லிய பெயின்ட். முகடுகளில் ரோட்டரி பட்டால் உலோகம் தெரிந்துவிடும், கையால் மட்டும் தேயுங்கள். ஒஹையோவின் ஜாக்சன் சென்டரில் கட்டும் ஏர்ஸ்ட்ரீமின் பழைய அலுமினிய வண்டி உங்களிடம் இருந்தால் அது தனிக் கலை. பளபளக்கும் அந்த மேல்பரப்பு, கலப்பு உலோகத்தின் மீது ஏற்றிய தூய அலுமினியத்தின் மெல்லிய ஏடு. அதையும் அளவாகத்தான் தொட வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை நிழலில் நிறுத்த வழியிருந்தால் நிறுத்துங்கள். கார்போர்ட் போட இடமும் வசதியும் உள்ளவர்கள் போடுங்கள். இல்லாதவர்கள் காற்றுப் புகும் உறை வாங்குங்கள். காற்றில் படபடத்து உரசாதபடி இறுக்கிக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை கழுவி, வசந்தத்தில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக ஆண்டுக்கு இருமுறை வாக்ஸ் போட்டு வந்தால் காம்பவுண்டை மறுபடி தொட வேண்டிய நாள் வெகுதூரம் தள்ளிப்போகும்.

டாலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. என் ரோட்டரி மெஷினும் அகலப் பிளாட்ஃபாரமும் பெரும்பாலான வாரங்களில் சும்மாதான் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு போங்கள். முதல் 2 அடிக்கு நானும் கூட நிற்கிறேன். கம்பளி பேடை மட்டும் புதிதாக நீங்களே வாங்கி வந்துவிடுங்கள், வெள்ளை வண்டிக்கு ஓடிய பேடை நிற வண்டிக்குப் போடக்கூடாது.

அன்புடன்,
உங்களைப்போல் பழைய வண்டி வைத்திருக்கும் ஒருவன்